பழைய டாஸ் கணக்கு, புதுக் கம்ப்யூட்டர்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நகை அடகுக்கடை. கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, பழைய மெஷின் அடங்கிப் போச்சு. புதுசு வாங்கியாச்சு. பழைய ஹார்டு டிஸ்க்ல இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடிச்சுப் போட்டேன். தட்டினா ஓடவே மாட்டேங்கு."

"என்ன மெசேஜ் வருது அண்ணாச்சி?"

"என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு. ஓகே குடுத்து மூடிட்டேன்."

பாதி வைத்தியம் அந்த ‘என்னமோ’வில்தான் இருக்கிறது. புரோகிராம் கெட்டுப்போகவில்லை. 1994-இல் எப்படி இருந்ததோ, ஒரு பைட் மாறாமல் அப்படியே இருக்கிறது. அது காலூன்றி நின்ற தரையில் ஏதோ ஒரு கல் உருவப்பட்டிருக்கிறது. எந்தக் கல் என்பதைத் திரையில் வரும் வரி காட்டிக்கொடுக்கும். சில சமயம் பிரிண்டர் காட்டிக்கொடுக்கும். அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். இதில் வருவதெல்லாம் கடைகளிலும் எடைமேடைகளிலும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, டர்போ பாஸ்கல், விபி6 என்ற பழைய மொழிகளில் எழுதிய புரோகிராம்கள். பலவும் விண்டோஸுக்கு முன்பிருந்த எழுத்துத்திரை இயக்கமுறையான டாஸுக்காக எழுதியவை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பழைய பில்லிங் புரோகிராம்கள் பல ஓய்வுபெற்றன. அடகுக்கடைகள் தப்பித்தன, கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லையே.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

கை வைப்பதற்கு முன்

டேட்டா ஃபோல்டரை முழுதாக இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு கம்ப்யூட்டரில். சோதனையெல்லாம் மூன்றாவது காப்பியில்தான். பழைய டிஸ்க் பட்டைக் கேபிள் போட்ட ஐடிஇ ரகம் என்றால், அதை யுஎஸ்பியில் மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. காப்பி எடுத்து முடித்ததும் அந்த டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள்.

அடுத்து, புரோகிராம் எந்த வகை என்று பாருங்கள். எக்ஸிஇ ஃபைலின் ஒரு காப்பியை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். மைக்ரோசாஃப்டில் டாஸ் எழுதிய மார்க் ஸ்பிகௌஸ்கியின் தலைப்பெழுத்துகள் அவை. இன்றைக்கு வருகிற விண்டோஸ் 11 புரோகிராமின் வாசலிலும் அவர் பெயர்தான் நிற்கிறது. அதைத் தாண்டி, தொடக்கத்துக் குப்பை எழுத்துகளுக்கு நடுவே பி, இ என்று இரண்டெழுத்து தனித்து நின்றால் அது 32 பிட் அல்லது 64 பிட் விண்டோஸ் புரோகிராம் (பிட் என்பது சிப் ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அகலம், எண் கூடக்கூடப் புதுசு). என், இ என்றிருந்தால் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட். இரண்டும் இல்லையா, பெரும்பாலும் டாஸ்தான். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

“இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது”

அண்ணாச்சி மூடிவிட்ட வரி இதுதான். ‘இந்த ஃபைலின் வெர்ஷன் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தவில்லை’ என்றோ ‘16 பிட் அப்ளிகேஷனுக்கு ஆதரவில்லை’ என்றோ வந்தாலும் நோய் ஒன்றே. டாஸ் புரோகிராமை 64 பிட் விண்டோஸில் தட்டியிருக்கிறீர்கள்.

காரணம் பிராசஸரிலேயே இருக்கிறது. 1985-இல் வந்த இன்டெல் 386 சிப்பில் ‘விர்ச்சுவல் 8086’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய சிஸ்டத்துக்குள்ளே ஒரு சின்ன டாஸ் கம்ப்யூட்டரைக் குடிவைக்கிற வசதி அது. விண்டோஸ் என்டி முதல் 32 பிட் விண்டோஸ் 10 வரைக்கும் டாஸ் புரோகிராம்கள் அதில்தான் ஓடின. 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் அமைப்பில், சிப் 64 பிட் நிலைக்குப் போய்விட்டால் இந்த வசதி இல்லை. அதனால் 64 பிட் விண்டோஸில் டாஸ் பகுதியையே மைக்ரோசாஃப்ட் வைக்கவில்லை. கம்பேட்டிபிலிட்டி டேபில் போய் விண்டோஸ் 98 என்று டிக் அடிப்பதெல்லாம் வீண் வேலை. இல்லாத வீட்டுக்குச் சாவி தேடுகிற கதை.

"32 பிட் விண்டோஸ் 10 போட்டுடுங்க" என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஐந்தாறு வருஷம் முன்பு நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், புது மதர்போர்டில் கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ மென்பொருள் 64 பிட் ரகம். பழைய பயாஸ் போல நடிக்கிற சிஎஸ்எம் வசதி அதில் இல்லையென்றால் 32 பிட் விண்டோஸ் பூட்டே ஆகாது.

அப்புறம் என்ன வழி? நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமர் எழுதிய மூல வரிகள், இருக்கிறதா என்று தேடுவேன். கிளிப்பர் புரோகிராம் என்றால் பிஆர்ஜி என்று முடியும் ஃபைல்கள். எழுதிக் கொடுத்தவர் சில சமயம் அதே ஃபோல்டரில் விட்டுப் போயிருப்பார். இருந்தால் யோகம்தான். ஹார்பர் என்ற இலவச கம்பைலர் கிளிப்பர் மொழியை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டு 32 பிட், 64 பிட் எக்ஸிஇ ஆக்கித் தரும். பிரச்சினை வேரோடு போய்விடும்.

சோர்ஸ் இல்லை, வெறும் எழுத்துத்திரை டாஸ் புரோகிராம் என்றால் விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ். இவை சிப்பின் உதவியை எதிர்பார்க்காமல், பழைய கம்ப்யூட்டரை மென்பொருளாகவே போலச் செய்கிற எமுலேட்டர்கள். வெறும் டாஸ்பாக்ஸ் வேண்டாம். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, பிரிண்டர் கிடையாது, ஃபைல் பூட்டும் கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டால், கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ஆட்டோஎக்ஸிக் பகுதியில் மூன்றே வரி: ‘மவுன்ட் சி டி:\அடகு’, அடுத்த வரியில் ‘சி:’, அதற்கடுத்த வரியில் புரோகிராம் பெயர். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்துவிட்டால் கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

16 பிட் விண்டோஸ் புரோகிராம் என்றால் ஓடிவிடிஎம் என்ற திறந்தமூலக் கருவி. பல புரோகிராம்களை அது ஓட்டிவிடுகிறது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கடைசியாக, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு இன்டர்நெட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்பி ஆமை வேகத்தில் நகர்ந்து, ஜன்னலின் கீழ்ப்பட்டையில் நிஜமாகவே ஒரு பச்சை ஆமைப் படமும் தெரிந்தால், அதே வேலையைச் செய்யும் விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள்.

ஒரு துணுக்கு: சில நேரம் புரோகிராம் 32 பிட், அதன் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட். இன்ஸ்டால் செய்ய முடியாது. ஆனால் பழைய மெஷினில் இன்ஸ்டால் ஆகியிருந்த ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டால் பெரும்பாலும் ஓடும்.

‘ரன்டைம் எரர் 200’ என்று வந்து உடனே மூடிக்கொள்கிறது

டர்போ பாஸ்கலில் எழுதியது என்று சத்தியம் செய்யலாம். 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். ஆனால் புரோகிராம் எங்கேயும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. திரை, கீபோர்டு வேலைகளுக்கான சிஆர்டி யூனிட், தொடங்கியவுடன் மெஷினின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி செகண்டுக்குள், எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, 16 பிட் இடத்தில் வைக்கப் பார்க்கிறது. அந்த இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். ஒரு துடிப்பில் சுமார் 36 லட்சம் சுற்றுக்கு மேல் போனால் விடை நிரம்பி வழிகிறது. நிரம்பி வழிந்தாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் சிப் ஒரே மணியைத்தான் அடிக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் காலத்திலேயே இது தலைகாட்டத் தொடங்கிவிட்டது.

டாஸ்பாக்ஸ்-எக்ஸில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள் எண்ணை 3000 என்று நிலையாக வைத்தால் சரியாகிவிடும். எமுலேட்டர் இல்லாமல் பழைய பென்டியம் 4-இல் ஓட்டுகிறீர்கள் என்றால், எக்ஸிஇயில் அந்த வகுத்தலை மட்டும் திருத்தும் பேட்ச் உண்டு. ஃபாக்ஸ்புரோ 2.6-இலும் இதே போல வேகம் தாங்காமல் ‘டிவைட் பை ஜீரோ’ வரும். அங்கேயும் மருந்து இதுதான்.

ஓடுகிறது, ஆனால் ரீஇன்டெக்ஸ் போட்டால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியவில்லை

ரீஇன்டெக்ஸ் என்றால் ரெக்கார்டுகளைத் தேட உதவும் வரிசைப் பட்டியலை, அதாவது இன்டெக்ஸை, புதிதாகக் கட்டுவது. இந்த நோய் மேலே சொன்னதற்கு நேர் எதிர். சைக்கிளைக் கூட்டுங்கள். கணக்குப் புரோகிராமுக்கு 3000 போதாது, 50,000-க்கு மேல் வைத்துப் பாருங்கள். பிராசஸர் ஃபேன் கத்தத் தொடங்கினால் கொஞ்சம் இறக்குங்கள். டாஸ் புரோகிராம் சும்மா இருக்கும்போதும் ‘கீ அழுத்தினார்களா, கீ அழுத்தினார்களா’ என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ஓய்வெடுக்கத் தெரியாது.

500 ஜிபி காலியாக இருக்கும்போது ‘டிஸ்கில் இடமில்லை’

இடம் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை. பழைய புரோகிராம் காலி இடத்தை 32 பிட் குறியுள்ள எண்ணில் வாங்குகிறது. 2 ஜிபியைத் தாண்டினால் எண் மைனஸில் போய்விடும். மைனஸில் இடமிருந்தால் அது என்ன செய்யும் பாவம். மவுன்ட் வரியின் கடைசியில் ‘-ஃப்ரீசைஸ் 500’ என்று சேர்த்து, 500 எம்பி மட்டும் காலி என்று பொய் சொல்லிவிடுங்கள்.

மெனு வருகிறது, உள்ளே போனால் ‘ஓபன் எரர்’

கிளிப்பர் புரோகிராம் ஓபன் எரர் காட்டும்போது வரியின் ஓரத்தில் ‘டாஸ் எரர்’ என்று ஓர் எண் கொடுக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். 2 என்றால் ஃபைல் இல்லை, 3 என்றால் பாதை இல்லை. 5 வந்தால் எழுத அனுமதி இல்லை, ஃபைல் ரீட்-ஒன்லியாக இருக்கலாம். 32 வந்தால் வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்.

4 வந்தால் ஒரே நேரத்தில் திறந்த ஃபைல்கள் அதிகம். பழைய மெஷினின் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ‘ஃபைல்ஸ்=99’ என்ற வரியும், ஆட்டோஎக்ஸிக்.பேட் ஃபைலில் ‘செட் கிளிப்பர்=எஃப்:99’ என்ற வரியும் இருந்திருக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்தவர்கள் இந்த இரண்டையும் பழைய மெஷினிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். முதல் வரி டாஸ்பாக்ஸ்-எக்ஸின் கான்ஃபிக் பகுதிக்கும், இரண்டாவது வரி ஆட்டோஎக்ஸிக் பகுதிக்கும் போக வேண்டும்.

3 வந்தால், ஃபோல்டர் பெயர் நீளமா என்று பாருங்கள். டாஸுக்குப் பெயர் எட்டு எழுத்துதான். ‘அண்ணாச்சி பழைய கணக்கு நியூ’ என்றெல்லாம் பெயர் வைத்தால் அதற்குப் புரியாது.

பில் பிரிண்ட் ஆகவில்லை

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்தப் புகார்தான். பொறுமையாகப் பார்ப்போம்.

டாஸ் புரோகிராமுக்குப் பிரிண்டர் என்றால் எல்பிடி1 என்ற ஒரு வாசல்தான், அதாவது பழைய பேரலல் போர்ட். எழுத்துகளை அதில் கொட்டிவிட்டுப் போய்விடும். மறுபக்கம் இருப்பது அந்த எழுத்தை நேரடியாகப் புரிந்துகொள்கிற பிரிண்டராக இருக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் என்றால் கவலையில்லை. மலிவான லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு எழுத்தே தெரியாது, விண்டோஸ் டிரைவர் வரைந்து கொடுக்கிற படம்தான் தெரியும். அவற்றுக்கு நேரடியாக அனுப்பினால் லைட் மினுக்கும், பேப்பர் வராது.

புது மெஷினில் பேரலல் போர்ட் இல்லை என்று யுஎஸ்பி–பேரலல் கேபிள் வாங்கி மாட்டுவார்கள். அந்தக் கேபிள் எல்பிடி1 ஆகாது. விண்டோஸ் அதை யுஎஸ்பி001 என்ற பெயரில் ஒரு பிரிண்டர் வாசலாக மட்டும் காட்டும். அதனால் இடையில் ஒரு பாலம் போட வேண்டும்.

புரோகிராம் 32 பிட் என்றால், அதாவது ஹார்பரில் கம்பைல் செய்தது அல்லது விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்றால், பாலம் இப்படி: பிரிண்டருக்கு ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவர் போட்டு, இடைவெளியில்லாத சின்னப் பெயரில் ஷேர் செய்யுங்கள், ‘டாட்’ என்று வைத்துக்கொள்வோம். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூஸ் எல்பிடி1 \\கம்ப்யூட்டர்பெயர்\டாட் /பெர்சிஸ்டன்ட்:யெஸ்’. இதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னலில் தட்டாதீர்கள். அங்கே போட்ட பாலம் சாதாரணமாகத் திறக்கிற புரோகிராமுக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன். நெட்வொர்க் கேபிளே இல்லாத ஒற்றை மெஷினில் இது அடிக்கடி அறுந்துபோகும். மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் என்ற போலி நெட்வொர்க் கார்டைச் சேர்த்தால் நிலைக்கும்.

எமுலேட்டருக்குள் ஓடுகிறது என்றால் நெட் யூஸ் எடுபடாது. பேரலல் போர்ட்டில் வருவதை ஒரு ஃபைலில் எழுதும்படி டாஸ்பாக்ஸ்-எக்ஸில் அமைத்துவிட்டு, அந்த ஃபைலை ‘காப்பி /பி’ கட்டளையால் ஷேர் செய்த பிரிண்டருக்குத் தள்ள வேண்டும். /பி போட மறந்தால், பில்லின் நடுவில் 26 என்ற கட்டுப்பாட்டு எழுத்து இருக்கும் இடத்தில் அச்சு பாதியில் நின்றுவிடும்.

பேப்பர் வந்த பிறகும் மூன்று தொல்லைகள் மிச்சம்.

கட்டம் போட வேண்டிய இடத்தில் சாய்ந்த டி எழுத்துகள் வரிசையாக வருகின்றன. பிரிண்டர் சாய்வெழுத்து அட்டவணையில் இருக்கிறது. டாஸில் கிடைக்கோட்டின் எண் 196. அதில் 128-ஐக் கழித்தால் 68, அது டி. நெடுக்கோட்டின் எண் 179, கழித்தால் 51, அது 3 என்ற இலக்கம். எப்சன் வழி பிரிண்டர்களின் செட்டிங்கில் அட்டவணையை ‘இட்டாலிக்’கிலிருந்து ‘பிசி437’க்கு மாற்றினால் கோடு கோடாக வரும். அதே கோடுகள் நோட்பேடில் திறக்கும்போது தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏ எழுத்தாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது விண்டோஸின் அட்டவணை, ஃபைலில் தவறில்லை.

ஒவ்வொரு பில்லும் முந்தையதை விட ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப்போகிறது. பேப்பர் நீளக் கணக்கு இடிக்கிறது. நம்மூரில் வாங்குவது 10-க்கு 12 கம்ப்யூட்டர் பேப்பர். அங்குலத்துக்கு ஆறு வரி, ஆக 72. புது பிரிண்டரோ 11 அங்குலம், 66 வரி என்று நினைத்துக்கொண்டிருக்கும். பிரிண்டரின் பட்டன் மெனுவில் 12 அங்குலம் என்று மாற்றிவிடுங்கள்.

132 எழுத்து வரி மடிந்து அடுத்த வரிக்குப் போகிறது. எழுத்தைச் சுருக்கச் சொல்லும் 15 என்ற கட்டுப்பாட்டு எழுத்தை இடையில் ஏதோ டிரைவர் தின்றுவிட்டது. மேலே சொன்ன நேரடிப் பாலம் போட்டால் அது பிரிண்டர் வரை போய்ச் சேரும்.

ஒரு கவுன்ட்டரில் போட்ட என்ட்ரி இன்னொன்றில் காணோம்

இரண்டு வேறு நோய்கள் இந்த ஒரே அறிகுறியில் வரும். முதலாவது ஒரே மெஷினில் நடப்பது. புரோகிராம் 32 பிட், இருப்பது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில். விஸ்டாவிலிருந்து அந்த இடத்தில் எழுதச் சாதாரண யூசருக்கு அனுமதி இல்லை. பழைய புரோகிராம் எழுதப் போனால் விண்டோஸ் அதைத் திட்டுவதில்லை. யூசரின் ஆப்டேட்டாவுக்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற ஃபோல்டரில் ஒரு நகல் போட்டு, அதில் எழுத வைத்துவிடும். காலையில் மகன் லாகினில் போட்ட கணக்கு, சாயங்காலம் அப்பா லாகினில் இருக்காது. இரண்டு கணக்கும் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் இருப்பு இடிக்கும்போதுதான் கண்ணில் படும். புரோகிராமை டி:\ போன்ற இடத்துக்கு மாற்றுங்கள். எல்லா யூசரின் விர்ச்சுவல்ஸ்டோரிலும் டேட்டா ஃபைலின் தேதியைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக்குவது கையால் செய்கிற வேலை, குறுக்குவழி கிடையாது.

இரண்டாவது நெட்வொர்க். புது விண்டோஸ், சர்வர் ஃபோல்டரின் விவரங்களைச் சில வினாடிகள் தன் கையில் வைத்துக்கொள்கிறது. பத்து வினாடி பழைய தகவலைக் காட்டினால் மனிதருக்குப் பரவாயில்லை, கணக்கை டிபிஎஃப் ஃபைல்களில் வைக்கிற கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ புரோகிராம்களுக்கு விஷம். ரெஜிஸ்ட்ரியில் லான்மேன்வொர்க்ஸ்டேஷனின் பாராமீட்டர்ஸ் பகுதியில் டைரக்டரி கேஷ், ஃபைல் இன்ஃபோ கேஷ், ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் என்ற மூன்று லைஃப்டைம் மதிப்புகளையும் ஒவ்வொரு கிளையன்டிலும் பூஜ்யம் ஆக்குங்கள்.

அதைவிட முக்கியம் பூட்டு. ஒருவர் ஒரு ரெக்கார்டைத் திருத்தும்போது மற்றவர் தொடாமல் இருக்க டாஸில் ஷேர் என்ற ஏற்பாடு இருந்தது. வெறும் டாஸ்பாக்ஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு கவுன்ட்டரில் அதைப் போட்டு ஒரே டிபிஎஃப்பைத் திறந்தால் இன்டெக்ஸ் உடைவது உறுதி. பலர் கைவைக்கிற கணக்கு என்றால் பூட்டை விண்டோஸ் வரை கொண்டுபோகிற விடாஸ்தான் என் தேர்வு.

இன்டெக்ஸ் ஏற்கெனவே உடைந்துவிட்டதா? கிளிப்பரின் என்டிஎக்ஸ் ஃபைல்களை, காப்பி எடுத்த பிறகு, அழித்துவிட்டு ரீஇன்டெக்ஸ் போடலாம். ஃபாக்ஸ்புரோவின் சிடிஎக்ஸை அப்படி அழிக்காதீர்கள். அது டேபிளோடு பிணைந்தது, காணாமல் போனால் டேபிளைத் திறக்கவே மறுக்கும்.

இன்னொன்று: பழைய எக்ஸ்பி மெஷின் ஒன்று புது சர்வரின் ஷேரைப் பார்க்க முடியாமல் தவித்தால், காரணம் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக வருவதில்லை. திரும்ப ஆன் செய்யச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்த வழி அது.

‘டாங்கிள் காணவில்லை’

டாங்கிள் என்பது திருட்டுக் காப்பியைத் தடுக்க மெஷினில் செருகும் பூட்டு. அது பேரலல் போர்ட்டில் மாட்டுகிற ரகம் என்றால், யுஎஸ்பி கேபிளில் அது வேலை செய்யாது. மெஷினில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டாலும் இடர்ப்பாடு உண்டு. புரோகிராம் 378 ஹெக்ஸ் என்ற முகவரியில் தட்டிப் பார்க்கும், கார்டோ வேறு முகவரியில் உட்கார்ந்திருக்கும். யுஎஸ்பி டாங்கிள் என்றால் 64 பிட்டுக்கான, கையெழுத்திட்ட டிரைவர் வேண்டும், 32 பிட் டிரைவர் ஏறாது. புரோகிராம் எழுதிய நிறுவனம் இன்னும் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

எடைமேடையில் எடை பூஜ்யத்திலேயே நிற்கிறது

இண்டிகேட்டரிலிருந்து வரும் சீரியல் கேபிளை யுஎஸ்பி மாற்றியில் மாட்டியிருப்பீர்கள். டிவைஸ் மேனேஜரில் பாருங்கள், அது காம்7, காம்11 என்று எங்கேயாவது இருக்கும். புரோகிராமுக்குத் தெரிந்ததோ காம்1-உம் காம்2-உம். அட்வான்ஸ்டு பட்டனில் போய் எண்ணை மாற்றுங்கள். எமுலேட்டர் என்றால் ‘சீரியல்1=டைரக்ட்சீரியல் ரியல்போர்ட்:காம்7’ என்று ஒரு வரி போதும். மாற்றியை வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாற்றிச் செருகினால் எண்ணும் மாறிவிடலாம், அதனால் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

விபி6 புரோகிராம் ‘ஓசிஎக்ஸ் பதிவாகவில்லை’ என்கிறது

சின்ன வேலை. ஓசிஎக்ஸ் என்பது புரோகிராம் இரவல் வாங்குகிற துணை ஃபைல். பழைய மெஷினிலிருந்து அந்த ஓசிஎக்ஸைக் கொண்டுவந்து சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் ஜன்னலில் அதே ஃபோல்டரிலிருக்கும் ரெக்எஸ்விஆர்32 கொண்டு பதியுங்கள். சிஸ்டம்32-இல் போடக் கூடாது. பெயர்கள் தலைகீழ்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64-க்குள் இருப்பது 32 பிட். டேட்டாபேஸ் இணைப்புக்கான ஓடிபிசி செட்டிங்குக்கும் இதே விதிதான்.

தமிழ்ப் பெயர்களெல்லாம் கோழி கிறுக்கியது போல வருகின்றன

டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று 8 பிட் எழுத்துருக்களில் தட்டிய தமிழ் இது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. ஐரோப்பிய எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறோம். எழுத்துரு ஃபைலைப் புது மெஷினில் போட மறந்திருந்தால் போட்டுவிடுங்கள், முடிந்தது. போட்ட பிறகும் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், ரீஜன் செட்டிங்கில் யூனிகோடு அல்லாத புரோகிராம்களுக்கான மொழி ஆங்கிலமாக இருக்கிறதா, அதன் கீழே ‘பீட்டா: யுடிஎஃப்-8’ என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிக்கை எடுத்தால் முகமூடி திரும்ப வந்துவிடும்.

அண்ணாச்சி கடையில் விஷயம் இன்னும் பழையது. பழைய மெஷினைத் திறந்தால் உள்ளே ஐஎஸ்ஏ என்ற பழைய ரக ஸ்லாட்டில் ஒரு நீளமான கார்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு. ஐஐடி கான்பூரில் பிறந்து புனேயில் வளர்ந்த தொழில்நுட்பம். டாஸ் திரையில் இந்திய மொழிகளைக் காட்டிய வன்பொருள். ஐஎஸ்ஏ ஸ்லாட் இல்லாத போர்டில் அதைப் பொருத்த இடமே இல்லை. அதனால் புது மெஷினில் தமிழ்ப் பெயர் எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் டேட்டா பத்திரமாக இருக்கிறது, இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற குறியீட்டில். யூனிகோடின் தமிழ்ப் பகுதியே இஸ்கியைப் பின்பற்றி அமைந்தது என்பதால் இதை மாற்றுவது சுலபம். உச்சரிக்கிற வரிசையிலேயே எழுத்துகள் இருக்கும்.

டிஸ்கியிலும் டாபிலும் அப்படியில்லை, கண்ணுக்குத் தெரிகிற வரிசை. கோமதி என்ற பெயரில் இரட்டைக்கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். ஒவ்வொரு எழுத்தாக மாற்றுகிற அரைகுறைக் கன்வர்ட்டர் ‘ேகாமதி’ என்று கொடுக்கும். எந்தக் கருவியாக இருந்தாலும், என்எச்எம் கன்வர்ட்டரோ நீங்களே எழுதியதோ, முதலில் கோ, கொ, கை, கௌ வருகிற பத்துப் பெயர்களை மாற்றிப் பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றிய தமிழைத் திரும்பப் பழைய டிபிஎஃப்பிலேயே போட ஆசைப்படாதீர்கள். டாபில் ஆறு பைட்டில் அடங்கிய கோமதி, யூனிகோடை எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். 20 பைட் பெயர்ப் பத்தியில் தகப்பனார் பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்படும். அண்ணாச்சிக்குப் பழைய ஃபைலைத் தொடாமல் வைத்துவிட்டு, பெயர், ரசீது எண், நகை எடை மட்டும் புது டேபிளில் தமிழில் தெரியும்படி செய்து கொடுத்தேன். அடகை மீட்க ஆள் வந்தால் அதில் தேடுகிறார். வட்டிக் கணக்கு இன்னமும் அதே நீலத்திரையில்தான்.